போடி மலையும் கொடி ரோஜாவும்

ஒரு ரோஜாக் கொடியினால் இரண்டு சிநேகிதர்களுக்குள் மனஸ்தாபம் உண்டாகுமா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டாகும் என்பதற்கு நாமே சாட்சி.

மதுரையில் நம் வீட்டு வாசலில் ஒரு கொடி ரோஜா இருந்தது. நாற்றுப் பண்ணை ஒன்றில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒட்டுச் செடி அது. வைத்த முதல் வருஷத்தில் நாலு பூப் பூத்தது. இரண்டாவது வருஷத்தில் பூப்பதை மறந்துவிட்டு வளர ஆரம்பித்தது. சாமானிய வளர்ச்சியா அது! ஜன்னலைத் தாண்டி, மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பிடித்து, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தோடு உறவு கொண்டாடத் தொடங்கியது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தி அதைக் காட்டிப் பெருமை பேசினோம். "பூ எங்கே?" என்று கேட்டவர்களிடம், "முதலில் கொடி வளர வேண்டாமா? பூவுக்கு என்ன அவசரம்?" என்றோம். நாலாவது வருஷத்திலும் அதே பதிலைச் சொல்லும்படியாக இருந்தது.

போடிநாயக்கனூர் நண்பர் ஒருவர் ஒரு நாள் வந்தார். கொடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். "வளர்த்தியெல்லாம் சரிதான். ஆனால், இது ரோஜாதானா?" என்று கேட்டார்.

நமக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் சுடச்சுடவே பதில் சொல்லிவிட்டோம். நண்பர் நிதானமாக, "எங்கள் அப்பத்தா வீட்டு மதில்மேல் ஒரு கொடி இருக்கிறது. உங்கள் கொடியில் பாதி நீளம்கூட இராது. ஆனால் ஒரு நடை வந்து பூவை எண்ணிப் பாருங்கள். மலைமேல் மெட்டில் என் அத்தை வீட்டிலும் அதே கொடி இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு எது திடமான கொடி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

தீர்ப்புச் சொல்லுகிற வேலை யாருக்குத்தான் பிடிக்காது? தை மாதத்தில் புறப்பட்டோம்.

ஏலத்தை ஏலம் போடும் ஊர்

மதுரையிலிருந்து போடிக்குச் செல்லும் ரெயில் பாதைக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. அது 1928-ல் போடப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது சர்க்காருக்கு இரும்பு தேவைப்பட்டதால் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரம் வந்த பின்பு மறுபடியும் போட்டார்கள். 2010-ஆம் வருஷக் கடைசியில், அகலப் பாதையாக மாற்றவேண்டும் என்று வண்டியை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடி மக்கள் ரெயில் சத்தத்தைக் கேட்கவில்லை. 2023-ஆம் வருஷம் ஜூன் 15-ந் தேதிதான் போடிக்கு மீண்டும் ரெயில் வந்தது. இவ்வளவு கடுமையான கவாத்தை எந்தத் தோட்டக்காரனும் எந்தக் கொடிக்கும் செய்திருக்க மாட்டான். ஆனாலும் பாதை துளிர்த்துவிட்டது.

தேனியைத் தாண்டியதுமே மலைகள் நெருங்கி வருகின்றன. போடிநாயக்கனூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,150 அடி உயரத்தில், மலைகளின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கடைத் தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் விருந்து. மூட்டை மூட்டையாக ஏலக்காய்! மலைக்கு அந்தப்புறம் கேரளத்து இடுக்கி ஜில்லாவில் விளையும் காய் இங்கே இறங்குகிறது. ஏலத்தை ஏலம் போடுகிற ஊர் இது. முன்பு வியாபாரிகள் வாய்விட்டுக் கேட்டு எடுத்தார்கள். இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் கணினித் திரையின் முன் உட்கார்ந்து சத்தமில்லாமல் கேட்கிறார்கள்.

ஒரு கிடங்கின் தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை நிறம் மங்காதது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். விரல்கள் அபிநயம் பிடிப்பதுபோல் ஓடின. சற்று நேரம் நின்று பார்த்தோம். "செடி எவ்வளவு உயரம்?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. காயின் பருமனும் நிறமுமே பேச்சு. நம் வீட்டுக் கொடியின் ஞாபகம் வந்து மனத்தில் இலேசாகக் குத்தியது. அதை நண்பரிடம் சொல்லவில்லை.

அப்பத்தா வீட்டு மதில்

நண்பருடைய அப்பத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டின் முன்னால் மார்பளவு உயரத்தில் ஒரு செங்கல் மதில். அதன்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ரோஜா பூத்திருந்தது. ரோஸ் நிறத்தில், கொத்துக் கொத்தாக, உள்ளங்கையில் பாதி அளவுள்ள பூக்கள். நாம் எண்ணத் தொடங்கினோம். நூற்றைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு நண்பரைப் பார்த்தோம். அவர் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றார்.

"வாங்க தம்பி. பூப் பாக்க மதுரையில இருந்து வந்தீகளாக்கும்?" என்று அப்பத்தா சிரித்தாள்.

இந்தக் கொடிக்குப் பெயர் தெரியாது. மலையிலிருந்து கொட்டகுடி வழியாக வந்த போத்து என்பது குடும்பக் கதை. நம்பத் தகுந்த கதைதான். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் இறங்கிற்று. மூணாற்றிலிருந்து மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரைக்கும் 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைத்தார்கள். 1908-ல் அதைச் சின்ன ரெயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்தன. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்தச் சின்ன ரெயிலை அடியோடு கொண்டு போய்விட்டது. தேயிலை வந்த வழியில் ஒரு ரோஜாப் போத்தும் வந்ததென்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை. துரைமார்களின் பங்களா வாசலில் ரோஜா இல்லாமல் இராது.

கொடி எவ்வளவு நீளம் என்று அளந்தோம். மிக நீண்ட கொம்பு பன்னிரண்டு அடிகூட இல்லை. ஆனால் ஒரு கொம்பாவது நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாவற்றையும் வளைத்து, மதிலின்மேல் படுக்கைவாட்டில் கிடத்தி, வாழை நாரினால் கட்டியிருந்தது. ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கிளை எழும்பி, அதன் தலையில் ஒரு கொத்து.

"நெட்டுக்குத்தலா விட்டா நுனியில மட்டுந்தான் பூக்கும் தம்பி. படுக்க வச்சாக் கணுவுக்குக் கணு பூக்கும்" என்றாள் அப்பத்தா.

தாவர சாஸ்திரமும் இதையேதான் சொல்கிறது. கொம்பின் நுனித் துளிரில் ஊறும் ஒருவித ரசம் கீழ்நோக்கி இறங்கி, வழியிலுள்ள கண்களையெல்லாம் உறங்க வைத்துவிடுகிறது. நிமிர்ந்த கொம்பில் நுனிக்குத்தான் ராஜ்யம். கொம்பைச் சாய்த்துவிட்டால் அந்த அதிகாரம் தளர்ந்து, உறங்கின கண்கள் விழிக்கின்றன. அப்பத்தாவுக்கு இந்த ரசத்தின் பெயர் தெரியாது; நாரைக் கட்டத் தெரியும்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் அவள் கவாத்துச் செய்கிறாள். பழைய, பட்டுப்போன கொம்புகளில் இரண்டு மூன்றை அடியோடு எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் புதுக் கொம்புகளைக் கட்டுகிறாள். பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கண் வைத்து நறுக்குகிறாள். ஆட்டுப் புழுக்கையும் தொழு உரமும் வைத்து மண் அணைக்கிறாள். ஆறேழு வாரத்தில் பூ. சீமையில் இந்த வேலையைப் பனிக்காலம் செய்கிறது. அங்கே செடி இலை உதிர்த்துத் தூங்கி எழுந்து பூக்கிறது. நம் சமவெளியில் ரோஜாவுக்குத் தூக்கம் கிடையாது. கத்தரிக்கோல்தான் அதற்குப் பனிக்காலம்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் பூ சிறுத்துவிடும். காலையில் மலர்ந்தது மாலையில் வெளுத்துவிடும். இலையின் அடியில் சிவப்புச் சிலந்தி சேரும். ஆனி, ஆடியில் கணவாய்களின் வழியே வருகிற வறண்ட காற்று துளிரைக் கருக்கிவிடும். ஆனாலும் பூவில்லாத மாதம் என்று ஒன்று இல்லையாம்.

நம் வீட்டுக் கொடியைக் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படத்தை அப்பத்தாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "ஆத்தி, எம்மாம் பெருசு!" என்றாள். நாம் நண்பரை வெற்றியோடு பார்த்தோம். ஆனால் அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடி மண்ண வெலக்கிப் பாத்தீகளா தம்பி? இந்தக் கொடி எங்கயிருந்து கெளம்புது?" என்று கேட்டாள்.

கொடி மண்ணிலிருந்துதானே கிளம்பும்? அந்தக் கேள்வியின் அர்த்தம் அப்போது நமக்கு விளங்கவில்லை.

பதினேழு வளைவு

மறுநாள் காலையில் மெட்டுக்குப் புறப்பட்டோம். போடியிலிருந்து முந்தல் வரைக்கும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இலவ மரங்களும். முந்தலைத் தாண்டியதும் மலைப் பாதை ஆரம்பம். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் பதினேழு. கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை இதுதான். விடியற்காலையில் ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. அந்தியில் அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிக்கொண்டு வருகின்றன. கடைத் தெருவில் நம் மூக்கைத் தேடி வந்த வாசனைக்கு இந்தப் பெண்களின் உழைப்பே ஆதாரம்.

ஏற ஏறக் காற்றின் குணம் மாறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. போடிக்கும் போடிமெட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவு உயர வித்தியாசம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பிரயாணத்தில் ஒரு பருவத்தையே கடந்துவிடுகிறோம்.

மேல் வளைவுகளை நெருங்கியதும் காப்பித் தோட்டமும், நிழல் மரங்களின்மேல் தொற்றிய மிளகுக் கொடியும் தென்பட்டன. வண்டியை நிறுத்தி மிளகுக் கொடியைக் கிட்டப் போய்ப் பார்த்தோம். கணுவுக்குக் கணு சிறு வேர் விட்டு மரப்பட்டையைப் பற்றியிருந்தது. அதற்கு யாரும் நார் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் முல்லைக் கொடி சுற்றிக்கொண்டு ஏறுகிறது. பாகற்கொடி சுருளை வீசிப் பிடிக்கிறது. ரோஜாவுக்கு வேரும் இல்லை, சுருளும் இல்லை, சுற்றத் தெரிந்த தண்டும் இல்லை. வளைந்த முள்ளினால் ஏதாவது ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு சாய்வதுதான் அதற்குத் தெரிந்த வித்தை. கொடி ரோஜா என்பது உண்மையில் கொடியே அல்ல. நீண்ட கொம்பு விடும் செடி. காட்டில் மரம் அதைத் தாங்குகிறது. வீட்டில் மனிதர் தாங்கவேண்டும்.

மெட்டில் ஒரு தங்கை

போடிமெட்டுக்கு அந்தப்புறம் கேரளம். 1956-ல் ராஜ்யங்களின் எல்லையை வகுத்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்கள் அந்தப் பக்கம் போயின. ஆனால் தோட்டம் வைத்திருக்கும் போடிக் குடும்பங்களுக்கு மலையின் இரண்டு பக்கமும் சொந்த ஊர்தான். நண்பரின் அத்தை வீடும் அப்படியே. கலியாணமாகி வந்த வருஷத்தில் அம்மா வீட்டு ரோஜாவில் ஒரு போத்து வெட்டிக்கொண்டு வந்து நட்டிருக்கிறார். ஆகவே கீழே இருப்பதும் மேலே இருப்பதும் ஒரே உயிர். இரண்டும் அக்காள் தங்கை என்றுகூடச் சொல்வதற்கில்லை, ஒரே பெண் இரண்டு ஊரில் குடித்தனம் நடத்துவதுபோல.

ஆனால் நேரில் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். மேலே கொம்பு ஒவ்வொன்றும் கட்டை விரல் பருமன். இருபது அடிக்குக் குறைவில்லை. கூரைத் தகரத்தின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. பூ, கீழே பார்த்ததைப்போல் ஒன்றரை மடங்கு. நிறமும் அடர்த்தி. கீழே மூன்றாம் நாள் உதிர்வது இங்கே ஒரு வாரம் நிற்கிறது.

"பார்த்தீர்களா! மலைக் கொடிதான் திடம்" என்றோம்.

"ஆடி மாதத்தில் வந்து பாருங்கள் தம்பி" என்றார் அத்தை. "அப்போது உங்களுக்குக் காட்டப் பூவும் இராது, இலையும் இராது."

தென்மேற்குப் பருவமழை மெட்டில் கொட்டுகிறது. மலை மறைவில் இருக்கும் போடிக்கு அதன் சாரலும் காற்றுந்தான் கிடைக்கின்றன. மெட்டில் வாரக்கணக்கில் நனைந்த மொட்டு விரியாமலே அழுகுகிறது. இலையில் கரும்புள்ளி நோய் விழுந்து, கொடி மொட்டையாகிவிடுகிறது. மழை விட்ட பிறகு பனி; பனியோடு சாம்பல் நோய். வருஷத்தில் இரண்டு, மூன்று தடவை அலை அலையாகப் பூக்கிறது, இடையில் வெறுங்கொடி. கீழே போடியில் பூ சிறிது, ஆனால் ஓய்வில்லை. இலை ஈரத்தில் கிடப்பதில்லையாதலால் கரும்புள்ளியும் குறைவு.

மேலே இவ்வளவு வளர்ச்சிக்குக் காரணம் என்ன? மண் ஒன்று. தலைமுறை தலைமுறையாக இலை மக்கிய கறுப்பு மண். இரவுக் குளிர் மற்றொன்று. பகலில் வெயிலைக்கொண்டு செடி சர்க்கரை சம்பாதிக்கிறது. இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு அதிகம். குளிராக இருந்தால் சேமிப்பு அதிகம். மெட்டுக் கொடி சேமித்து வைக்கிற குடும்பம். போடிக் கொடி அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கிற குடும்பம். அதனால் அதைக் கையாலாகாதது என்று சொல்லலாமா?

தீர்ப்புச் சொல்ல வந்த நமக்கு இப்போது சங்கடமாகப் போயிற்று. அத்தைதான் வழி காட்டினார். அவர் கணக்கில் நீளம் சேரவே சேராது. வருஷா வருஷம் அடியிலிருந்து எத்தனை புதுக் கொம்பு வருகிறது? படுக்க வைத்த கொம்பில் எத்தனை கண் பூவாகிறது? இலை கொட்டின பிறகு எத்தனை நாளில் மறுபடி தழைக்கிறது? இந்த மூன்றுந்தான் அவர் கேட்பது. சமையலறைக் கதவின் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.

தோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இந்த மலைகளில் பெரும்பாலும் பயிராகும் ஏலத்துக்கு 'ஞள்ளானி' என்று பெயர். கட்டப்பனையைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் பெயர் அது. தங்கள் தோட்டத்துச் செடிகளையே கூர்ந்து பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிகம் காய்க்கும் தூரைப் பொறுக்கிப் பெருக்கி உண்டாக்கிய ரகம். கைக்குக் கை மாறி மலை முழுவதும் பரவிற்று. உலகத்தில் முதன் முதலாகச் செடி ஒன்றுக்குப் பேடண்ட் உரிமை வழங்கியது 1931-ல், அமெரிக்காவில். அந்தச் செடி 'நியூ டான்' என்ற ஒரு கொடி ரோஜா! அங்கே ரோஜாவுக்கு வேலி போட்டார்கள். இங்கே ஏலத்தூரை வேலி தாண்டிக் கொடுத்தார்கள். நம் தேசத்தில் 2001-ல் இயற்றிய பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயிகளின் உரிமைக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்பது திருப்தியளிக்கும் விஷயம்.

சீமை ரோஜாவின் பூர்வீகம்

அன்று மாலை மெட்டின் விளிம்பில் நின்றோம். கீழே போடி, தேனி, அப்பால் மங்கலாகச் சமவெளி. வடக்கே பழனி மலைத் தொடர். அதன் மறைவில் கொடைக்கானல். கொடி ரோஜாவைப்பற்றிப் பேசினால் கொடைக்கானலைப்பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

மலை வாசஸ்தலங்களில் ஒரு தலைமுறைக்கு முன்னால் கொடி ரோஜா என்றால் 'மார்ஷல் நீல்' என்பார்கள். மஞ்சள் நிறமும் தேயிலை வாசனையும் கொண்ட பூ. பிரான்சில் 1864-ல் வெளியாயிற்று. ஒரு பிரெஞ்சுத் தளபதியின் பெயர் அதற்கு. சுத்தமான சீமைச் சரக்கு என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் வமிசாவளியைத் துருவினால் கதை வேறு. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு முறை பூப்பவை. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன தேசத்து ரோஜாக்களிலிருந்து அங்கே சென்றது. தேயிலை வாசனை கொண்ட ரோஜாக்களின் மூதாதைகளில் ஒன்று 'ரோஸா ஜைகாண்டியா' என்ற காட்டுக் கொடி என்று தாவர சாஸ்திரிகள் கருதுகிறார்கள். யூனான், பர்மா, நம்முடைய மணிப்பூர் ஆகிய இடங்களின் மலைக்காடுகளில் மரத்தின் உச்சி வரை ஏறி, கையளவு வெண்மஞ்சள் பூப் பூப்பது. மணிப்பூரில் 1882-ல் ஸர் ஜார்ஜ் வாட் அதைக் கண்டெடுத்தார். துரைமார்கள் கப்பலில் கொண்டு வந்து இறக்கிய ரோஜாவில் நம் கிழக்கு எல்லைக் காட்டு ரத்தமும் கலந்திருந்தது என்று அர்த்தம்.

வெப்ப நாட்டுக்கு ஏற்ற கொடி ரோஜாவை உண்டாக்க இந்தக் காட்டுக் கொடியே தகுந்தது என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் அலிஸ்டர் கிளார்க். அவருடைய 'நான்சி ஹேவர்ட்' 1937-ல் வெளிவந்தது. நம் நாட்டில் அந்த வேலையைக் கையில் எடுத்தவர்கள் கொடைக்கானல்வாசிகளான ஸ்ரீ எம். எஸ். வீரராகவனும் அவருடைய மனைவி ஸ்ரீமதி கிரிஜா வீரராகவனும். ஐ. ஏ. எஸ். உத்தியோகத்தை விட்டுவிட்டு ரோஜாவுக்கு வந்தவர் வீரராகவன். இருவரும் மணிப்பூர் மலைக்கே போய் அந்தக் கொடியைத் தேடிக் கொண்டு வந்தார்கள். வங்காளம், பீகார்ப் பிரதேசங்களின் நீர்க்கரையில் வளரும் 'ரோஸா கிளைனோஃபில்லா' என்ற மற்றோர் இந்தியக் காட்டு ரோஜாவையும் சேர்த்துக்கொண்டார்கள். பனிக்காலத் தூக்கம் தேவைப்படாத ரோஜா, வெயிலையும் மழையையும் தாங்கும் ரோஜா. இதுவே அவர்கள் லட்சியம். அவர்கள் உண்டாக்கிய கொடிகளில் 'ஸர் ஜார்ஜ் வாட்', 'மணிப்பூர் மேஜிக்' என்பவை உண்டு. சரோஜினி நாயுடுவின் கவிதை நூலை நினைவூட்டும் 'கோல்டன் திரெஷோல்டு' என்பதும் உண்டு.

இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக் காட்டின் ஓரங்களில், மரங்களின்மேல் தானாகப் படர்ந்து வெள்ளை வெளேரென்று பூக்கும் காட்டு ரோஜா. சாக்ஷாத் தென்னாட்டுப் பிறப்பு. அதன் பெயர் 'ரோஸா லெஷெனால்டியானா.' 1816-ல் புதுச்சேரிக்கு வந்த லெஷெனால் என்னும் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரியின் ஞாபகமாக வைத்தது. நம் மலையின் குழந்தைக்கு அயலார் பெயர் வைத்தார்களே என்று வருந்துவதில் பயனில்லை. நம்மில் எத்தனை பேர் அந்தப் பூவை நின்று பார்த்திருக்கிறோம்? பார்த்தவன் பெயர் வைத்தான்.

அடி மண்

மதுரைக்குத் திரும்பிய அன்று இரவே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். அப்பத்தாவின் கேள்விக்கு அர்த்தம் மெட்டிலேயே தெரிந்துவிட்டது. கடையில் வாங்கும் ரோஜா இரண்டு செடி சேர்ந்தது. கீழே வேர்ச்செடி; அதன்மேல் நல்ல ரோஜாவின் கண்ணை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி தானாகத் துளிர்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அது காட்டு வேகத்தில் கிளம்பி மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும். இலையை எண்ணிப் பார்த்து நிச்சயிக்க முடியாது. அடி மண்ணை விலக்கித்தான் பார்க்கவேண்டும்.

விலக்கினோம். ஒரு சாண் ஆழத்தில், ஒட்டுப்போட்ட முடிச்சும் அதன்மேல் காய்ந்த விரல்போல் ஒரு கட்டையும் தெரிந்தன. நாம் காசு கொடுத்து வாங்கிய ரோஜா அதுதான். இறந்து இரண்டு மூன்று வருஷமாவது இருக்கும். மாடியேறி, முருங்கையில் படர்ந்து, நமக்கு அவ்வளவு பெருமை தேடிக் கொடுத்த கொடி முழுவதும் முடிச்சுக்குக் கீழே புறப்பட்ட வேர்ச்செடி! தினந்தோறும் தண்ணீர் ஊற்றினோம், பிண்ணாக்கு வைத்தோம், நண்பரோடு சண்டை போட்டோம். ஒரு நாளாவது குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் நண்பருக்கு டெலிபோன் செய்து உண்மையை ஒப்புக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை; அது அவருடைய பெருந்தன்மை. "வேர் திடமான வேர். அதைப் பிடுங்காதீர்கள்" என்றார். மாசி மாதத்தில் அப்பத்தா வீட்டு மதிலிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய இரண்டு கொம்பு வந்து சேர்ந்தது. கண் ஒட்டத் தெரிந்த ஒருவரைக்கொண்டு, வேர்ச்செடியில் மூன்று கண் ஒட்டினோம். ஒன்று கருகிப்போயிற்று. இரண்டு பிடித்தன. பிடித்தது நிச்சயமானதும் பழைய கொடியை ஒட்டுக்கு மேலே நறுக்கி இறக்கினோம். முருங்கை மரத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க அரை நாள் பிடித்தது.

இப்போது வாசலில் இருப்பது ஐந்தடிக் கொடி. மதிலின்மேல் படுக்க வைத்து வாழை நாரினால் கட்டியிருக்கிறோம். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை. காலண்டரின் ஓரத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறோம்: அடியிலிருந்து புதுக் கொம்பு மூன்று, பூ இதுவரை பதினொன்று. நேயர்களும் தங்கள் வீட்டுக் கொடிக்கு இப்படி ஒரு கணக்கு வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு தடவை அடி மண்ணை விலக்கிப் பார்த்துவிடுவது நல்லது.